வாடகை வாய்

நாற்காலியை நோயாளியின் தோளுக்குப் பின்னால் ஒரு முழம் தள்ளிப் போடுகிறாள். உட்காருவதற்கு முன் அதன் கால்களை அசைத்துப் பார்க்கிறாள். கிரீச்சிடுகிற நாற்காலி என்றால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். அவளை யாரும் பார்க்கக் கூடாது. டாக்டர் நோயாளியைப் பார்த்துப் பேச வேண்டும், நோயாளி டாக்டரைப் பார்த்துப் பேச வேண்டும், நடுவில் குரல் மட்டும் போய்வர வேண்டும். மீறி யாராவது அவள் முகத்தைப் பார்த்துப் பேசத் தொடங்கினால், உடனே குனிந்து அவர்களுடைய காலணியைப் பார்க்க ஆரம்பித்துவிடுவாள். எந்த டாக்டருக்கு எந்தக் குதிகால் தேய்ந்திருக்கிறது என்று அவளைக் கேட்டால் சொல்வாள். முகங்கள் அவ்வளவாகத் தெரியாது.

ஆங்கிலம் மட்டும் தெரிந்த டாக்டர்களுக்கும் தமிழ் மட்டும் மிஞ்சியிருக்கிற முதியவர்களுக்கும் இடையே பேச்சைக் கடத்துவது அவள் தொழில். "நான் வாடகை வாய்ங்க. பேசுறது அவங்க, அசையுறது மட்டும் நான்" என்று முதல் நாள் எல்லாரிடமும் சொல்லிவிடுவாள். வார்டில் அதுவே பெயராகிவிட்டது. நான் அதே வார்டில் பிற்பகல்களில் நோயாளிகளுக்குத் துணைக்கு உட்காருகிறவள். திருப்பிப் படுக்கவைப்பது, ஊட்டுவது, கைகால் பிடித்துவிடுவது என் வேலை. அவள் கைகளை மடியிலிருந்து எடுக்கவே மாட்டாள். ஒருமுறை ஒரு பாட்டியின் போர்வை நழுவியபோதுகூட, "போர்வை விழுந்துடுச்சுன்னு யாரும் சொல்லலையே" என்று பேசாமல் உட்கார்ந்திருந்தாள். நான்தான் எடுத்துப் போர்த்தினேன்.

வயது ஐம்பதுக்கு மேல். குட்டையான உருவம். எண்ணெய் வைத்து இழுத்து முடிந்த கொண்டை. பையில் ஒரு தண்ணீர் பாட்டிலும், தொண்டைக்கு ஒரு டப்பா கற்கண்டும். குரலில் ஏற்ற இறக்கம் கிடையாது. சாவுச் செய்தியும் சாப்பாட்டு நேரமும் ஒரே சுருதியில் வரும். மொழிபெயர்க்கும்போது எதையும் கூட்டமாட்டாள், குறைக்கமாட்டாள். ஒரு தாத்தா, ஊசி போட வந்த டாக்டரைப் பார்த்து, "மீசை முளைக்காத பய, இவனுக்கு என்ன தெரியும்?" என்றார். அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னாள். டாக்டர் மேலுதட்டைத் தடவிக்கொண்டார்.

"சொல்லிட்டியா?" என்று தாத்தா கேட்டார்.

"சொல்லிட்டேங்க."

"நல்லா உறைக்கிற மாதிரி சொன்னியா?"

இந்தக் கேள்வியையும் டாக்டருக்குச் சொன்னாள். ஒரு அறையில் ஒருவர் சொன்னது அங்கே இருக்கிற எல்லாருக்கும் போய்ச் சேர வேண்டும் என்பது அவள் சட்டம்.

இன்னொரு சட்டமும் உண்டு. யார் பேசினாலும் அவர்களாகவே பேச வேண்டும். "அவருக்கு வயிறு வலிக்கிறதாம்" என்று சொல்லக் கூடாது. "எனக்கு வயிறு வலிக்கிறது" என்றுதான் சொல்ல வேண்டும். தொழிலில் எல்லாருக்கும் இப்படித்தான் பழக்குவார்கள். இவளுக்கு அது ரத்தத்தில் ஊறிவிட்டது. தொலைபேசி வழியாகவும் மொழிபெயர்ப்பு வேலை வருவதால், வீட்டில் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவாள். கூட இருக்கும் அக்கா ஆரம்பத்தில், "எனக்கு ரெண்டு மாசமா ரத்தம் ரத்தமா போகுது டாக்டர்" என்று உள்ளேயிருந்து கேட்டுத் துடைப்பத்தோடு கதவை இடித்துக்கொண்டு ஓடிவந்தாளாம். இப்போது அந்த அக்கா சாவதானமாக, "இன்னிக்கு உனக்கு என்ன நோய்டி?" என்று மட்டும் கேட்கிறாள்.

சாப்பாட்டு நேரத்தில் அவளுக்கு ஒரு பொழுதுபோக்கு உண்டு. சொற்களைப் பிரித்து வைப்பது. நோய்ப் பெயர்கள் அவளுக்குச் சிரமமே இல்லை. ஈரல் என்றால் ஈரல். மனிதரின் குணத்தைச் சொல்கிற சொற்கள்தான் அவளைப் படுத்துகின்றன. அதிலும் சண்டை சம்பந்தப்பட்டவை. எங்கள் வார்டில் அவற்றுக்குப் பஞ்சம் இல்லை. ஒருநாள் தயிர்சாதத்தை ஸ்பூனால் கோடு போட்டுப் பிரித்துக்கொண்டே எனக்கு விளக்கினாள்.

"அஜிடேட்டட்னா தவிக்கிறாங்க. அக்ரெசிவ்னா பாயுறாங்க. ஹாஸ்டைல்னா உள்ளுக்குள்ள பகையை வெச்சுக்கிட்டு முறைக்கிறாங்க. சரியாக்கா?"

"சரி. கம்பாட்டிவ்?"

ஸ்பூன் நின்றுவிட்டது. "அதுதான் உக்கார மாட்டேங்குது."

எங்கள் தொழிலில் அந்தச் சொல்லைத் தெரியாதவர் இல்லை. உடை மாற்றும்போது, குளிப்பாட்டும்போது, மருந்து கொடுக்கும்போது எதிர்த்து அடிக்கிற, உதைக்கிற, கிள்ளுகிற நோயாளிக்கு அது. கட்டிலுக்கு மேலிருக்கும் பலகையில் அதை எழுதிவிட்டால் ஒருவர் செய்கிற வேலைக்கு இருவர் போவார்கள், மாத்திரை கூடும், கதவு பூட்டப்படும். அதே சொல்லைச் செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்தில் ஒரு ஆட்டக்காரருக்குப் போட்டால் பாராட்டு. கடைசிவரை விட்டுக்கொடுக்காமல் ஆடினார் என்று பொருள். வழக்கறிஞருக்குப் போட்டால் கட்டணம் ஏறும். பல் இல்லாத கிழவருக்குப் போட்டால் பூட்டு.

"சண்டைக்காரர்னு சொல்லலாமே" என்றேன்.

"சண்டைக்காரர்னா வம்பைத் தேடிப் போறவரு. இவங்க எங்க தேடிப் போறாங்க? படுத்திருக்காங்க, சண்டை கட்டிலுக்கு வருது."

"முரடர்?"

"அது பொறவியிலேயே வர்றது."

கடைசியில், "மல்லுக்கு நிக்கிறவர்" என்று ஒரு முடிவுக்கு வந்தாள். முழுத் திருப்தி இல்லை என்பது அவள் தயிர்சாதத்தை மூடி வைத்ததிலேயே தெரிந்தது.

அந்த நாட்களில் அந்தச் சொல் எங்கள் வார்டில் ஒருவர் மீதுதான் இருந்தது. லிஃப்ட் பழுது பார்க்கும் மெக்கானிக்காக வாழ்நாளெல்லாம் உழைத்து ஓய்ந்தவர். நினைவு கலங்கிவிட்டது. முன்பு தெரிந்திருந்த ஆங்கிலமும் அதோடு போய்விட்டது. பிற்பகலில் என்னோடு சாதுவாகத்தான் இருப்பார். சுவருக்கு அந்தப் பக்கம் லிஃப்ட் ஏறும் சத்தத்தைக் கேட்டு, "கேபிள்ல எண்ணெய் இல்ல. மூணாவது மாடியில மக்கர் பண்ணும் பாரு" என்பார். காலைக் குளியல்தான் வில்லங்கம். அது எனக்குத் தெரியாது. நான் வருவதற்குள் எல்லாம் முடிந்து, மாத்திரை போட்டுத் தூங்க வைத்திருப்பார்கள்.

உடம்பு தேறிவிட்டதால் அவரை இனி எங்கே அனுப்புவது என்று பேச ஒரு கூட்டம் போட்டார்கள். டாக்டர், அவரைத் தினமும் குளிப்பாட்டும் ஊழியர், ஒரு முதியோர் இல்லத்தின் மேலாளர் அம்மாள், மெக்கானிக்கின் மனைவி. மனைவி என் கையைப் பிடித்த பிடியை விடாததால் நானும். அந்த இல்லம் அவர்கள் வீட்டுத் தெருமுனையிலேயே இருக்கிறது. கைத்தடியை ஊன்றிக்கொண்டாவது அந்த அம்மா தினமும் போய்ப் பார்த்துவிடலாம். அங்கே இடம் கொடுக்காவிட்டால், நகரத்தின் மறுகோடியில் பூட்டி வைக்கும் பிரிவுதான். இரண்டு பேருந்து மாற வேண்டும். அந்த அம்மாவின் முழங்கால்களுக்கு அவ்வப்போது தைலம் தேய்த்துவிடுகிறவள் நான். அந்த முழங்கால்கள் ஒரு பேருந்துகூட ஏறாது.

டாக்டர் பேசினார். பின்னாலிருந்து குரல் வந்தது: "உங்க வீட்டுக்காரருக்கு உடம்பு நல்லாயிடுச்சு. ஆனா அவர் மல்லுக்கு நிக்கிறவரா இருக்கார்."

மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "யாரு, அவரா? எதிர்ல நாய் வந்தா ரோட்டையே மாத்திக்கிட்டுப் போறவராச்சே! யார்கூட மல்லுக்கு நிக்கிறாராம்?"

நாயும் ரோடும் ஒன்றுவிடாமல் ஆங்கிலத்துக்குப் போயின. டாக்டர் ஊழியரைப் பார்த்தார். அவர் சட்டைக் கையை மேலே சுருட்டிக் காட்டினார். முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை நீலமும் பச்சையுமாகக் கன்றியிருந்தது. நல்ல மனிதர். புகார் சொல்லும் முகம்கூட இல்லை.

அந்த அம்மாவின் சிரிப்பு நின்றது. "ஐயோ, இவ்வளவா! மன்னிச்சுக்கப்பா. அவருக்குத் தெரிஞ்சு செஞ்சிருக்க மாட்டாரு."

"என் ஊழியர்கள் எல்லாரும் பெண்கள், ஒருவரைத் தவிர" என்றார் மேலாளர். "இந்தச் சொல்லோடு வந்த ஒருவரை முன்பு ஏற்றுக்கொண்டேன். சமையல்காரருக்கு விலா எலும்பு போயிற்று. நாளைக் காலை குளியலை நானே பார்க்கிறேன். பார்த்துவிட்டுச் சொல்கிறேன். ஆனால் வீட்டார் யாரும் அறைக்குள் இருக்கக் கூடாது, பழகிய முகம் எதுவும் கூடாது. எங்களிடம் வந்தால் அவருக்கு எல்லாமே புது முகம்தானே. மொழிபெயர்ப்பவர் வரலாம். அவர் கணக்கில் இல்லை."

கடைசி வாக்கியத்தையும் அவள் அதே சுருதியில் தமிழில் சொன்னாள். "நான் கணக்கில் இல்லை" என்று ஆகிவிடாதபடி அதைப் பிசகாமல் சொல்வது சிரமம். சொல்லிவிட்டாள்.

கூட்டம் முடிந்து கை கழுவும் இடத்தில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "மல்லுன்னு சொன்னது சரியாக்கா?"

"அடிக்கிறாரில்ல? சரிதான்."

"அடிச்சாருன்னு சொன்னா அது அன்னிக்கு நடந்தது. எப்போ, யாரை, எதுக்குன்னு கேட்டுப் பேசி முடிச்சிடலாம். இது அப்படி இல்லையே. தூங்கும்போதும் அவர் அதுதான், சாப்பிடும்போதும் அதுதான். அந்தம்மா யார்கூடன்னு கேட்டாங்க பாருங்க. இத்தனை நாள் நான் பதில் தெரியாம முழிச்ச கேள்வி அது."

"நாளைக்கு நீ பேசாம உன் வேலையைப் பாரு. அந்த மேலாளரம்மாகிட்ட ஒரு எழுத்து பிசகினாலும் அந்த ஆளுக்கு இடம் போச்சு."

"என் வேலையில பிசகு வராதுக்கா" என்றாள். உண்மைதான். வந்ததில்லை.

மறுநாள் சீக்கிரமே போனேன். மாற்று உடையை வைத்துக்கொண்டு குளியலறைக் கதவுக்கு வெளியே நிற்க மட்டும் எனக்கு அனுமதி. மனைவி நடைவழிப் பெஞ்சில், மடியில் பையை இறுக்கிக்கொண்டு. உள்ளே, பிளாஸ்டிக் நாற்காலியில் மெக்கானிக் ஐயா. முன்னால் ஊழியர். கதவோரம் மேலாளர். ஐயாவின் தோளுக்குப் பின்னால், தன் வழக்கமான இடத்தில், அவள். கதவு பாதி திறந்திருந்ததால் எனக்கு எல்லாம் தெரிந்தது.

ஊழியர் குனிந்து, சிரித்த முகத்தோடு, இப்போது சட்டையைக் கழற்றப்போகிறேன், சரியா என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

பின்னாலிருந்து குரல் வந்தது: "நான் இப்ப உங்க சட்டையைக் கழட்டப் போறேன். சரிங்களா?"

ஐயா விறைத்தார். "யாரு நீ?"

கேள்வி ஆங்கிலத்துக்குப் போனது. ஊழியர் அன்பாகப் பதில் சொன்னார். அது தமிழுக்கு வந்தது: "தெரியலையா? தினமும் காலையில நான்தானே உங்களைக் குளிப்பாட்டுறேன்."

"நீயா? தினமுமா?" ஐயாவின் காது நுனி சிவந்தது. "என் வீட்டுக்காரிக்குத் தெரியுமா இது?"

வெளியே பெஞ்சில் அந்த அம்மா பையால் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கும் சிரிப்புதான் முதலில் வந்தது. பிறகுதான் அவர் யாருடைய குரலிடம் கேட்கிறார் என்று உறைத்தது. உள்ளே போக எனக்கு அனுமதி இல்லை. ஊழியருக்கு ஒன்றும் புரியவில்லை. பேச்சுக்குப் பேச்சு பதில் வருகிறதே, நல்லபடியாகப் போகிறது என்று நினைத்து முதல் பொத்தானில் கை வைத்தார். பயப்படாதீர்கள், மெதுவாகத்தான் செய்வேன் என்றார்.

"பயப்படாதீங்க. மெதுவாத்தான் கழட்டுவேன்."

கிழவரின் கை சுழன்றது. நான் நாற்பது வருஷமாக அடி வாங்கிப் பழகியவள். எந்த அடி எங்கே போகிறது என்று எனக்குப் பார்க்கத் தெரியும். பொத்தானில் கை வைத்தவர் அவருக்கு நேர் எதிரே குனிந்திருந்தார். அவரைக் கிழவர் தொடவே இல்லை. கை பின்னால் போயிற்று. குரலை அடித்தது.

"வெக்கங்கெட்டவளே, வெளிய போடி!"

அவள் சுவரில் பதித்திருந்த கைப்பிடிக் கம்பியில் மோதினாள். உதடு கிழிந்தது. அந்த நிலையிலும் வாய் தன் பாட்டுக்கு அசைந்து, வெட்கம்கெட்டவளே வெளியே போ என்று ஆங்கிலத்தில் சொல்லி முடித்தது. சொல்லி முடித்த பிறகுதான் அது அவள் காதில் விழுந்தது என்று நினைக்கிறேன். முகத்தில் ஒரு மாற்றம். வாயைத் துடைக்காமல் அப்படியே நின்றாள்.

மேலாளர் தன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். பார்த்தவரை போதும் என்றார்.

அந்த வாக்கியத்தை அவள் தமிழில் சொல்லவில்லை. அவள் மொழிபெயர்க்காமல் விட்டு நான் பார்த்த முதல் வாக்கியம் அது. சுற்றிக்கொண்டு ஐயாவின் முன்னால் வந்தாள். கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, ஊழியரைக் கைகாட்டினாள். அவள் கை மடியை விட்டு மேலே வந்ததையும் அன்றுதான் பார்த்தேன்.

"ஐயா, கோவிச்சுக்காதீங்க. நான் சும்மா பேச்சுக்கு வந்தவ. உங்களைக் குளிப்பாட்டுறது இவர். ஆம்பளை. நான் தப்பா சொல்லிட்டேன். இதோ வெளிய போயிடறேன். கதவுக்கு அந்தப் பக்கம் நின்னு, இவர் கேக்கறதை மட்டும் சொல்றேன். சரிங்களா?"

கிழவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். கன்னம் துடித்துக்கொண்டிருந்தது. பிறகு கதவோரம் நின்ற மேலாளரை நோக்கி முகவாயைத் தூக்கினார். "அந்தம்மா?"

"அந்தம்மாவும் வெளிய வந்துடுவாங்க."

இதை ஆங்கிலத்தில் சொன்னாள். சொன்ன விதத்தில் மேலாளர் உடனே வெளியே வந்துவிட்டார். அவளும் வெளியே வந்து, கதவைக் காற்று போகிற அளவுக்கு விட்டுச் சாத்திவிட்டு, அந்த இடுக்கில் வாயை வைத்துக்கொண்டு நின்றாள்.

"சட்டையை நீங்களே கழட்டுறீங்களான்னு இவர் கேக்கறார்."

"பின்ன யாரு கழட்டுவா?"

பொத்தான் பொத்தானாக நேரம் போயிற்று. உள்ளே இருந்த ஊழியர் அவசரப்படுத்தவில்லை. அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. பிறகு தண்ணீர்ச் சத்தம்.

"சுடுதா, போதுமான்னு கேக்கறார்."

"சுடல. இந்தக் குழாய்ல காத்து அடைச்சிருக்கு, சத்தத்தைக் கேளு. ஆளைக் கூப்பிட்டுப் பாக்கச் சொல்லு."

குழாயும் காற்றும் உள்ளே போயின. ஊழியர் சிரிப்பது கேட்டது. குழாயைத் திருகித் திருகிப் பார்த்தார்கள் போலிருக்கிறது, இரண்டு பேருமாக. ஒருமுறை மட்டும் ஒரு அதட்டலும் ஏதோ கீழே விழும் சத்தமும் வந்தன. பெஞ்சில் அந்த அம்மா எழுந்து நின்றுவிட்டார். "துண்டைப் பின்னாடி இருந்து போட்டுட்டாராம். இனிமே கையில குடுக்கிறாராம்" என்று இவள் இந்தப் பக்கம் திரும்பிச் சொன்னாள். பின்னாலிருந்து துணியைப் போடக் கூடாது என்று எங்களுக்குப் பயிற்சியின் முதல் வாரத்திலேயே சொல்லித் தருவார்கள். அவசரத்தில் நானும் போட்டிருக்கிறேன், வாங்கியும் இருக்கிறேன்.

மேலாளர் அவ்வளவு நேரமும் அவள் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீங்கத் தொடங்கியிருந்தது. கடைசியில் கேட்டார்: "உங்களையே கேட்கிறேன். அவர் உங்களை அடித்தாரா இல்லையா?"

வழக்கமாக இப்படி யாராவது கேட்டால் அவள் காலணியைப் பார்ப்பாள். அன்று அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்தாள். நிறுத்தி நிறுத்தி, நான் அதுவரை கேட்டிராத தட்டுத்தடுமாறும் ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். பிறர் பேச்சை அருவி மாதிரி கொட்டுகிறவளுக்குத் தன் பேச்சு என்றதும் நாக்கு புரளவில்லை.

மேலாளருடைய கை தானாக மேலே போய், தன் மேல்கோட்டின் கழுத்துப் பொத்தானைத் தேடிப் பிடித்துப் போட்டுக்கொண்டது. பிறகு மனைவியின் பக்கம் திரும்பினார். தெருவைப் பார்த்த அறையா, சுவரைப் பார்த்த அறையா, அவருக்கு எது ஒத்துவரும் என்று கேட்டார். ஒரு மாதம் வைத்துப் பார்க்கலாம், காலைக் குளியலுக்குத் தன்னிடமுள்ள ஆண் ஊழியரை மாற்றிப் போடுகிறேன், அதற்கு மேல் வாக்குக் கொடுக்க முடியாது என்றார்.

"எந்த அறை வேணும்னு கேக்கறாங்கம்மா. ஒரு மாசம் வெச்சுப் பாப்பாங்களாம். குளிப்பாட்ட ஆம்பளை ஆளைப் போடுவாங்களாம். அதுக்கு மேல வாக்கு இல்லையாம்."

அந்த அம்மா பையின் காதை முறுக்கிக்கொண்டே, "லிஃப்ட் சத்தம் கேக்கற பக்கமாப் பாத்துக் குடுக்கச் சொல்லுங்க" என்றார். பிறகு அவள் உதட்டைப் பார்த்தார். "அவங்க உங்களை ஏதோ கேட்டாங்களே. நீங்க என்னம்மா சொன்னீங்க?"

அறையில் சொன்னது அறையிலிருக்கும் எல்லாருக்கும் போய்ச் சேர வேண்டும். அவள் பழைய சுருதிக்குக் குரலைக் கொண்டுவந்தாள்.

"'அடிச்சார். யாரோ ஒரு பொம்பளை பின்னாடி நின்னுக்கிட்டு, சட்டையைக் கழட்டுறேன்னு சொன்னா. அதான் அடிச்சார். சொன்னது நான்'னு சொன்னேன்."

கடைசிச் சொற்களுக்கு வரும்போது, அந்த அம்மாவுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதுபோல், உள்ளங்கையைத் தன் நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டாள்.